தொழிலதிபர் சிங்காரவேலுவின் வருமானச் சான்று

"காப்பீட்டு அட்டை இருக்கா?" என்று அரியலூர் பெரியாஸ்பத்திரியில் அந்த நர்ஸம்மா கேட்டபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கு எதற்கெடுத்தாலும் முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு ஆடி அசைந்து வரும். உள்ளே கட்டிலில் என் மனைவி ஜெயசுதா மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தாள். முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கப் போனவள் அங்கேயே மயங்கி விழ, கூட வேலை செய்த பெண்கள் ஆட்டோ பிடித்துத் தூக்கி வந்திருந்தார்கள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த நேரத்தில் அட்டையாம், அட்டை!

"அட்டையெல்லாம் இல்லம்மா. எங்களுக்கு அது தேவப்படல" என்றேன்.

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தாள். முந்திரி மண்டியில் மூட்டை தூக்கித் தூக்கித் தோளில் நைந்துபோன என் சட்டையைப் பார்த்தாள். "தேவப்படலன்னா சந்தோஷம். பெரம்பலூர்ல இந்த ஆபரேஷனுக்கு நாலு லட்சம் ஆகும். கட்டிடுவீங்களா?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். சட்டைப் பையில் அன்றைக்கு முந்நூறு ரூபாய் இருந்தது.

"அட்டை எடுத்துட்டு வாங்க. பைசா செலவில்லாம நடக்கும். அதுவரைக்கும் மாத்திரை தரோம், வூட்ல படுக்க வைங்க. எந்த வேலையும் செய்யக் கூடாது" என்றாள் அவள், கொஞ்சம் இறங்கின குரலில். அந்த இறங்கின குரல்தான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெயர் சிங்காரவேலு. ஆண்டிமடத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். ஒன்பது வருஷம் மலேசியாவில் இருந்தேன். கோலாலம்பூரில் ஒரு பெரிய கடைக் கட்டடத்தில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் என்று ஊரில் சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் அந்தக் கட்டடத்தின் மூன்றாவது, நான்காவது மாடிக் கக்கூஸ்கள் என் பொறுப்பு. காலையில் ஆசிட், மத்தியானம் பினாயில். அது கேவலமான வேலை என்று இப்போது நான் நினைக்கவில்லை. அப்போது நினைத்தேன். அதனால்தானே இத்தனையும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மகள் ஆர்த்தி பெரிய மனுஷியானாள். மஞ்சள் நீராட்டுக்கு லீவு போட்டு வந்தேன். எங்கள் பக்கம் விசேஷம் என்றால் சாப்பாடு முன்னே பின்னே இருந்தாலும் ஃப்ளெக்ஸ் பேனர் குறையக் கூடாது. தாய்மாமன், பெரியப்பன், சித்தப்பன் என்று ஒருத்தர் முகம் விடாமல் போட வேண்டும். ஜெயங்கொண்டத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய் இருபதடிக்கு அடிக்கச் சொன்னேன். என் தலையை வெட்டி யாரோ ஒருவனுடைய கோட்டு சூட்டுக்கு மேல் ஒட்டினான். "பேருக்கு முன்னாடி என்ன போடறதுண்ணே?" என்று கேட்டான். அவன்மேல் பழி போட மாட்டேன், நானேதான் சொன்னேன்: "தொழிலதிபர், மலேசியா."

இரண்டு மாதம் அந்தப் பேனர், மூன்று ரோடும் சேர்கிற எங்கள் ஊர் முக்கூட்டில் நின்றது. மழையில் ஒரு ஓரம் கிழிந்து தொங்கியபோதுகூட என் முகம் மட்டும் நன்றாகத்தான் இருந்தது. நான் மறுபடியும் மலேசியாவுக்குப் போய் ஆசிட் பாட்டிலைத் தூக்கினேன்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கம்பெனிக்காரன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் அனுப்பிவிட்டான். ஊரில் "அங்க போர் அடிச்சுப்போச்சு, போதும்னு வந்துட்டேன்" என்றேன். மண்டியில் மூட்டை தூக்கப் போனபோதும், "சும்மா ஒக்காந்திருந்தா ஒடம்பு வளந்துடும்" என்றேன். வெட்டி பந்தாவுக்கு எனக்கு என்றைக்கும் பஞ்சமே இல்லை.

போன வருஷம் எங்கள் ஊர் ரேஷன் கடை வாசலில் காப்பீட்டு அட்டைக்கு முகாம் போட்டார்கள். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி வாசலுக்கே வந்து சொன்னாள். அவள் புருஷன் சாமிக்கண்ணு சுண்ணாம்புக்கல் லாரியில் லோடுமேன். அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் அந்த அட்டையில்தான் நடந்திருந்தது.

"அண்ணே, ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் வாங்க. வருமானத்துக்கு வி.ஏ.ஓ. அங்கயே ஒக்காந்திருக்காரு, கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறாரு. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இலவசம்னு அலையிற கூட்டத்துல எங்களச் சேக்காத பாப்பாத்தி. என் பொண்டாட்டிக்கு ஒண்ணுன்னா காசு குடுத்துப் பாக்க எனக்குத் தெரியும்."

பாப்பாத்தியின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கும் அவளுக்கும் சண்டை கிடையாது. அந்தச் சின்ன வெற்றி எனக்கு ஏன் அவ்வளவு இனித்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த ஜெயசுதா, "ஏங்க, ஒரு போட்டோதானே எடுக்கறாங்க. போயிட்டு வந்துடுவமே" என்றாள். "நீ உள்ள போடி" என்றேன். போய்விட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவந்து வீட்டில் படுக்க வைத்த மறுநாள் ஆண்டிமடம் இ-சேவை மையத்துக்குப் போனேன். அட்டை வேண்டுமானால் குடும்ப வருமானம் வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் என்று சான்று வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் சத்யப்பிரியா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊரில் வாக்கப்பட்டவள், என்னைத் தெரியும். ஆதார் நம்பரைத் தட்டினாள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"அண்ணே, அக்கா பேருல ஏற்கெனவே ஒரு தடவ வருமானச் சான்றுக்கு மனு போட்டிருக்கே. ரெண்டு வருஷம் ஆச்சு. நாந்தான் போட்டுக் குடுத்திருக்கேன் போலருக்கு. திருப்பி அனுப்பிட்டாங்க."

"யாரு பேருல?"

"ஜெயசுதா அக்கா பேருல. காரணம் 'காப்பீட்டு அட்டைக்காக'ன்னு போட்டிருக்கு. கணவர் வெளிநாட்டுல இருக்காரு, சம்பளச் சான்று இணைக்கணும்னு சொல்லித் திருப்பியிருக்காங்க. அக்கா அதுக்கப்புறம் வரவே இல்ல."

வண்டியை எப்படி ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. வழியெல்லாம் கோபம். எனக்குத் தெரியாமல் இவள் யார் மனு போட? என்னைக் கேட்காமல் ஆபீஸ் ஆபீஸாகப் போய் ஏழை என்று எழுதிக் கொடுக்க இவளுக்கு யார் தைரியம் கொடுத்தது? டாக்டர் சத்தம் போடக் கூடாது, பயப்படுத்தக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்த நோயாளியின் தலைமாட்டில் நின்றுகொண்டு நான் கத்தினேன்.

"யாரக் கேட்டுடி மனு போட்ட? ஊர்ல என் மானத்த வாங்கணும்னே போனியா?"

பிளஸ் ஒன் படிக்கிற ஆர்த்தி அடுப்படியிலிருந்து ஓடிவந்து அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் நின்றாள். "அப்பா, கத்தாதீங்கப்பா" என்றாள்.

ஜெயசுதா மெதுவாக எழுந்து சுவரில் சாய்ந்தாள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கிச் சொன்னாள். "உங்க மானத்த வாங்கறதுக்கா? அதக் காப்பாத்தத்தான் விட்டுட்டேன்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நான் மலேசியாவில் இருந்தபோது, காய்ச்சல் என்று ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். நெஞ்சில் குழாயை வைத்த டாக்டர் சத்தம் சரியில்லை என்று அரியலூருக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். வால்வு சுருங்க ஆரம்பித்திருக்கிறது, அட்டை எடுத்துக்கொண்டு சீக்கிரம் பெரம்பலூருக்குப் போ என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். இவளும் மனு போட்டிருக்கிறாள். புருஷன் சம்பளக் காகிதம் வேண்டும் என்று திருப்பியிருக்கிறார்கள்.

"சம்பளக் காகிதம் என்கிட்ட ஏது?" என்றேன்.

"நீங்க விசேஷத்துக்கு வந்தப்ப பெட்டி அடியில வச்சிட்டுப் போனது. அதுல கிளீனர்னு போட்டிருந்துச்சு." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அதுக்கு முன்னாடியே தெரியுங்க. ஒவ்வொரு தடவ வரப்பவும் உங்க கையில தோலு உரிஞ்சிருக்குமே. சூப்பர்வைசருக்கு எதுக்குக் கை வேவுது? ஊரே தொழிலதிபர்ங்குது. அந்தக் காகிதத்த எடுத்துக்கிட்டுப் போயி நம்மூரு வி.ஏ.ஓ. கையில எப்படிக் குடுப்பேன்? நாளைக்கு நீங்க முக்கூட்டுல தலநிமிந்து நடக்க வாணாமா?"

"நான் திரும்பி வந்தப்புறம் சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். அந்த முகாம் வந்துச்சே, பாப்பாத்திகிட்ட நீங்க பேசுனீங்களே, அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

எனக்கு அப்போது கோபம் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, வரவேண்டிய இடத்தில் அது வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று "ஒரு போட்டோதானே" என்று இவள் கேட்டது உயிர்ப்பிச்சை என்பதும், நான் "உள்ள போடி" என்று விரட்டினேன் என்பதும் அப்போதுதான் மண்டையில் ஏறியது. சீ, நானும் ஒரு மனுஷனா என்று இருந்தது. ஆர்த்தி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குக் கை வரவில்லை.

மறுநாளே மனு போட்டேன். சம்பளக் காகிதத்தையும் சேர்த்தே கொடுத்தேன். மூன்றாம் நாள் விசாரிக்க வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்தார். வாசலில் நாற்காலி போட்டேன். ஒரு அதிகாரி வந்து உட்கார்ந்தால் தெருவே வந்து நிற்கும் ஊர் எங்களுடையது. சாமிக்கண்ணு, பாப்பாத்தி, எதிர்வீட்டுக்காரர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள்.

வி.ஏ.ஓ. நல்ல மனுஷர். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "எனக்கு ஒண்ணுமில்லிங்க. உங்க பேனர் ரெண்டு மாசம் முக்கூட்டுல நின்னுச்சு, டெய்லி அதத் தாண்டித்தான் ஆபீஸுக்குப் போனேன். நாளைக்கு எவனாவது அந்தப் போட்டோவ அனுப்பி, தொழிலதிபருக்கு எப்படிய்யா கையெழுத்துப் போட்டன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? மலேசியாவுல என்ன தொழில் பண்ணீங்க? இப்ப அங்க ஏதாவது வருமானம் இருக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து ஜெயசுதாவின் குரல் வந்தது. "சூப்பர்வைசரா இருந்தாருங்க சார். இப்பதான் வேலை இல்ல." மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள். சாகப் போகிறவள் அப்போதும் எனக்குச் சூப்பர்வைசர் வேலை கொடுக்கிறாள்.

"இல்லிங்க சார்" என்றேன். "கக்கூஸ் கழுவுனேன். ஒம்பது வருஷமும் அதான். பேனர்ல போட்டது பொய்யி. நாந்தான் போடச் சொன்னேன். இப்ப மண்டியில மூட்ட தூக்கறேன். வேற எதுவும் கெடையாது."

யாராவது சிரிப்பார்கள், ஒருத்தராவது "அடப்பாவி" என்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"அக்கம்பக்கத்துல யாராவது ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்" என்றார் வி.ஏ.ஓ.

சாமிக்கண்ணு முன்னால் வந்தான். "நான் போடறேன் சார். அண்ணன் சொல்றது நெசந்தான். எம்மச்சான் மகேஷ் அதே பில்டிங்லதான் செக்யூரிட்டியா இருந்தான். அஞ்சு வருஷமா எங்களுக்குத் தெரியும்."

ஐந்து வருஷம்! அப்படியானால் பேனருக்குக் கீழே நின்று என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் தெரிந்தேதான் நின்றிருக்கிறார்கள். இலவசத்துக்கு அலைகிற கூட்டம் என்று நான் பாப்பாத்தியைச் சொன்ன அன்றைக்கு, "கக்கூஸ் கழுவுறவனுக்கு இவ்ளோ வாயா?" என்று ஒரே ஒரு வார்த்தை அவள் திருப்பிக் கேட்டிருந்தால் நான் அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருப்பேன். அவள் கேட்கவில்லை. என் பொய்யைப் பொத்திப் பொத்தி ஊரே பாதுகாத்திருக்கிறது. அது தெரியாமல் அவர்கள் தலையிலேயே ஏறி மிதித்திருக்கிறேன்.

"பாப்பாத்தி, அன்னைக்கி நான் பேசுனது..." என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்கண்ணே. கலெக்டர் ஆபீஸ்ல போட்டோ எடுக்கப் போறப்ப அண்ணிய நான் புடிச்சிக்கிட்டு வரேன். பைக்குல ஒக்காரவெச்சிடாதீங்க, ஆட்டோ சொல்லுங்க" என்றாள்.

ஒரு வாரத்தில் சான்று வந்தது. அரியலூர் கலெக்டர் ஆபீஸில் குடும்பத்தோடு நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். அன்றைக்கே அட்டை நம்பர் கிடைத்தது. அதை வைத்துப் பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஜெயசுதாவைச் சேர்த்தேன். நாலாம் நாள் ஆபரேஷனுக்கு அனுமதி வந்துவிட்டது. எல்லாம் கைகூடி வந்ததில் எனக்குக் கொஞ்சம் தெம்பு. ஊர் முன்னால் உண்மையைச் சொன்னவன் அல்லவா, பாவம் கழிந்துவிட்டது போல ஒரு நினைப்புகூட வந்தது. என் புத்தி அப்படி.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் பெரிய டாக்டர் வார்டுக்கு வந்தார். கூட இளம் டாக்டர்கள் நாலு பேர். ஃபைலைப் புரட்டியவர், ஜெயசுதாவின் பழைய ஸ்கேன் காகிதத்தில் தேதியைப் பார்த்து நின்றார்.

"ஏம்மா, இது ரெண்டு வருஷத்துக்கு முந்தினதாச்சே. அப்பவே வந்திருந்தா தொடை வழியா ஒரு பலூனை விட்டு வால்வை விரிச்சுவிட்டு, மூணாம் நாள் வீட்டுக்கு அனுப்பியிருப்போம். இப்ப அது கல்லு மாதிரி ஆகிப்போச்சு. நெஞ்சைத் திறந்து வால்வையே மாத்தணும். ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிடணும். இந்த ரெண்டு வருஷம் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

கட்டிலின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஆர்த்தி. ஜெயசுதா என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கு ஆஸ்பத்திரின்னாலே பயம் டாக்டர். கத்தி வெப்பாங்கன்னு சொன்னாங்க, அதான் வூட்ல யாருகிட்டயும் சொல்லாம மறச்சுட்டேன்" என்றாள்.

டாக்டருக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு பெரிய பொண்ணை வச்சுக்கிட்டு இப்படியா விவரம் இல்லாம இருப்பீங்க? உங்க அலட்சியத்தால வந்தது இது. உங்க வீட்டுக்காரரைப் பாருங்க. ஓடி ஓடி எல்லாப் பேப்பரையும் வாங்கிட்டு வந்து நிக்கிறாரு. இப்படி ஒரு ஆள் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அவருகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சொல்லிக்கொண்டே என் தோளில் கை வைத்தார். "என்னங்க, நான் சொல்றது சரிதானே?"

அந்த இளம் டாக்டர்கள் நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். மரியாதையாகப் பார்த்தார்கள். என்னை யாரும் அப்படிப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. ஊர் முன்னால் நான் உண்மையைச் சொன்னது எதற்காக என்று அந்த நிமிஷத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அங்கே சொன்னால் சான்று கிடைக்கும் என்று இருந்தது. இங்கே சொன்னால் என் தோளில் இருக்கிற கை போய்விடும், அவ்வளவுதான்.

"ஆமாங்க டாக்டர்" என்றேன். "சொல்லியிருக்கலாம்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஜெயசுதா பிழைத்துவிட்டாள். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள், வாசல் வரைக்கும் நடக்கிறாள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், இத்தனை நாள் ஏன் விட்டாய், இப்படியா நெஞ்சைக் கிழிக்கிற அளவுக்கு விடுவாய் என்று அவளைத்தான் திட்டுகிறார்கள். அவளும் ஆஸ்பத்திரி என்றால் பயம் என்றே ஒவ்வொருத்தரிடமும் சொல்கிறாள். நான் வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்கிறேன். ஆர்த்தி மட்டும் நான் கொடுக்கிற டீயை வாங்குவதில்லை.